முள் ஏறாமலே ஆவி வருவது ஏன்?

கேள்வி: அஞ்செட்டி மலையில் உள்ள எங்கள் காட்டுக்குப் போய்வர ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் இன்ஜினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து (போர் செய்து), இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் புது அடைப்புத் தகடும் (ஹெட் கேஸ்கட்) போட்டுப் பூட்டினோம். ரேடியேட்டரை வாய்வரை நிரப்பினாலும் மறுநாள் காலையில் அரை லிட்டர் குறைந்திருக்கிறது. ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது ஏற்றத்தில் மூடியோரம் ஆவி சீறியது. ஆனால் வெப்ப மீட்டரின் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. இன்ஜின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா? எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றலாமா? (தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முள் ஏறவில்லை என்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருந்தால், முதலில் அதை விட்டுவிடுங்கள். மீட்டருக்குச் செய்தி அனுப்பும் உணர்கருவியின் முனை நீரில் மூழ்கியிருக்கும் வரைதான் அது சொல்வது சரி. அந்த முனையைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கும். உங்கள் வண்டியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டால் மோட்டார் சுற்றியும் தண்ணீர் ஏறாததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; வாட்டர் பம்புக்கும் அதே கதிதான். புதிதாகப் பூட்டிய இன்ஜினில் நீர் ஓடும் அறைகள் அனைத்தும் காலியாக இருப்பதால், மேலிருந்து ஊற்றும் நீர் உள்ளே போகிற வேகத்தில் காற்று வெளியே வருவதில்லை.

ஆகவே மீண்டும் முறையாக நிரப்புங்கள். முன்சக்கரங்கள் சற்று உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் வாயே அமைப்பின் மிக உயரமான இடமாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்து வையுங்கள். ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ காற்று நீக்கும் திருகு இருந்தால், குமிழி நின்று நீர் மட்டும் கசியும் வரை அதைத் தளர்த்தி வையுங்கள். லிட்டர் குறியிட்ட பாத்திரத்தால் மெதுவாக ஊற்றி, எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கு வையுங்கள். வண்டியின் கையேட்டில் 9 லிட்டர் என்றிருக்க, 7 லிட்டரிலேயே வாய் நிரம்பினால், மீதி 2 லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்துவிட்டால் அதில் கொஞ்சம் களகளவென்று வெளியேறும்.

பிறகு மூடியைப் போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, வாய்க்குள் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை, பெரும்பாலும் 82 டிகிரி வரை, நீர் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கி, பெரிய குமிழிகள் வரும், மேல் ஹோஸ் சூடாகும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றபின் மூடியைப் போடுங்கள். குமிழி நிற்கவே இல்லை, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்னும் பெருகுகிறது என்றாலோ, குளிர்ந்த இன்ஜினை மூடியுடன் இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகினாலோ, எரியும் அறையின் வாயு நீருக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டின் சமதளத்தையோ மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை படிந்திருந்தாலும் அந்தச் சந்தேகம் எழும். ஆனால் குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தாலும் இது படியும் என்பதால், அதை மட்டும் கண்டு ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை நான் ஏற்கவில்லை. அது இல்லாத இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். புது பிஸ்டன் ரிங்குகள் சரியாகப் படிய வேண்டிய நாட்களில் இது நல்லதல்ல. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் நீர் திரும்பும் குறுக்குவழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய நீரில் ஒரு பகுதி சுற்றிக்கொண்டு இன்ஜினுக்கே திரும்பிவிடும். பழுது என்று சந்தேகமிருந்தால் ஒரு பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரைக் காய்ச்சி, தெர்மோஸ்டாட்டில் பொறித்த டிகிரியில் திறக்கிறதா என்று வெப்பமானியால் பாருங்கள். திரும்பப் பூட்டும்போது அதன் சிறு காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கட்டும்.

மூடியும் ஒரு பாகம்தான். சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி, வெறும் நீரின் கொதிநிலையை ஏறக்குறைய 120 டிகிரிக்கு உயர்த்திவிடும். அதன் ரப்பர் தளர்ந்திருந்தால் 100 டிகிரியை ஒட்டியே ஆவி சீறும். ஆவி மூடியோரத்திலிருந்து வந்ததால் முதலில் அதை மாற்றுங்கள், செலவும் குறைவுதான். சூடான மூடியைச் சாக்குத்துணி சுற்றித் திறக்கும் பழக்கத்தால் என் முன்கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

போர்வெல் தண்ணீர் வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்றதும் புளோரைடுதான் நினைவுக்கு வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். ஆனால் புளோரைடு நம் பல்லுக்கும் எலும்புக்கும் எதிரி. ரேடியேட்டருக்கு எதிரி நீரின் கடினத்தன்மை. டீ போடும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு, சிலிண்டரைச் சுற்றிலும் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். அமிலம் கலக்காத பேட்டரி தண்ணீருடன் எத்திலீன் கிளைக்கால் கூலண்டைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் நீர் உறையாது. நமக்குக் கூலண்ட் தேவைப்படுவது துரு தடுக்கவும் கொதிநிலை உயரவும்தான்.

முதல் பத்து நாள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மட்டத்தைக் குறித்து வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் குறைந்து பிறகு நின்றால் அது வெளியேறிய காற்று. தினமும் அதே அளவு குறைந்தால் கசிவு. மலையில் முதல் கியரில் ஊரும்போது காற்றோட்டம் முழுவதும் விசிறியைச் சார்ந்தது என்பதால், பெல்ட் இறுக்கத்தையும் விசிறிக் கூண்டையும் பார்த்துவிட்டு, சேறும் புல்விதையும் அடைத்த ரேடியேட்டரின் வலைப்பகுதியை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெல்லிய நீர்வீச்சால் கழுவுங்கள். தொடர்ந்து மூன்று காலை மட்டம் மாறாமல் இருந்தபின் அதே ஏற்றத்தில் பாரமில்லாமல் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வடித்த பழைய கூலண்டை ஆடு, நாய் நக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், ஆனால் நஞ்சு.