ஒயிட் சாக்ஸ் எங்கே கோட்டை விட்டது?

கேள்வி: சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி 2016-ல் கிறிஸ் சேல் என்ற அருமையான பிட்சரை (பந்து வீசுபவரை) பாஸ்டனுக்குத் தாரை வார்த்தது. அணியைப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். கடைசியில் 2024-ல் 121 தோல்வி. அந்த டிசம்பரிலேயே கேரட் குரோஷேயையும் அதே பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நட்சத்திரங்களைக் கொடுப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறேன் நான். மேனேஜர்தான் காரணம் என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மேனேஜர் யாராக இருந்தால் என்ன, ஆடுவது ஆட்டக்காரர்கள்தானே?
– சிகாகோ புறநகரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பாதியை ஏற்கமாட்டேன். இரண்டாம் பாதியை அறவே ஏற்கமாட்டேன்.

2016-ல் அந்த அணி 78 ஆட்டம் வென்று 84 தோற்றிருந்தது. 2008-க்குப் பிறகு பிளேஆஃப் எனும் கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள் பக்கமே போகவில்லை. சேல் இருந்தும் அந்த நிலைமைதான். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டு மிச்சம், அதுவும் மலிவான சம்பளத்தில். கொடுப்பதென்றால் அதுதான் நேரம். பேஸ்பாலில் டிரேடு என்பது பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது. இன்றைக்கு வெளுத்து வாங்குகிறவரைக் கொடுத்து, மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகளில் வளர்ந்துகொண்டிருக்கிற பையன்களை வாங்குவார்கள். சேல் போனதற்கு யோன் மொன்காடாவும் மைக்கேல் கோபெக்கும் வந்தார்கள். நாடு முழுக்க இளம் ஆட்டக்காரர்கள் பட்டியலில் மொன்காடா முதல் வரிசையில் இருந்த நேரம் அது. மறுநாளே ஆடம் ஈட்டனைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெனால்டோ லோபஸ், டேன் டன்னிங் மூவரையும் வாங்கினார்கள். அடுத்த ஜூலையில் ஹோசே கின்டானா போய் எலோய் ஹிமெனஸும் டிலன் சீஸும் வந்தார்கள்.

வந்தவர்கள் சோடை போனார்களா? 2018-ல் அடி வாங்கித் துவண்ட ஜியோலிட்டோ, 2020-ல் பிட்ஸ்பர்குக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். சீஸ் 2022-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். 2020-ல் பிளேஆஃப், 2021-ல் 93 வெற்றியோடு பிரிவில் முதலிடம். டிரேடு செய்த வேலை அது. குறை சொல்லியே ஆகவேண்டிய டிரேடு ஒன்று இருக்கிறது என்றால், அது 2016 ஜூனில் நடந்தது. அணியைப் பிரிப்பதா, அந்த ஆண்டே ஜெயிக்கப் பார்ப்பதா என்று முடிவெடுக்காமல், வயதான ஜேம்ஸ் ஷீல்ட்ஸை வாங்குவதற்காக 17 வயதுப் பையன் ஒருவனை சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். பையன் பெயர் ஃபெர்னாண்டோ டடீஸ் ஜூனியர்.

சரி, பிறகு எங்கே கோட்டை விட்டார்கள்? விதைத்து முடித்து, தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் மடையைத் திறக்கவில்லை. 2019 தொடக்கத்தில் நட்சத்திர ஆட்டக்காரர் மேனி மச்சாடோவை எப்படியாவது இழுத்துவிட வேண்டும் என்று அவருடைய மைத்துனர் யோண்டர் அலோன்சோவையும் நெருங்கிய நண்பர் ஜான் ஜேயையும் முன்னாலேயே அணிக்குக் கொண்டுவந்தார்கள். மச்சாடோ சான் டியேகோவுக்குப் போனார். பத்து ஆண்டுக்கு 30 கோடி டாலர். ஒயிட் சாக்ஸ் எட்டு ஆண்டுக்கு 25 கோடியோடு நின்றுவிட்டதாக அப்போது செய்தி வந்தது. அங்கே மச்சாடோவுக்குப் பக்கத்தில் நின்று ஆடியது யார் தெரியுமா? இவர்கள் அனுப்பிவைத்த அதே டடீஸ்.

இனி மேனேஜர் விஷயம். கிரிக்கெட்டில் கேப்டன் களத்தில் நின்று எடுக்கிற முடிவுகளையெல்லாம் இங்கே வெளியே உட்கார்ந்திருக்கும் மேனேஜர்தான் எடுக்கிறார். யார் பந்து போடுவது, எப்போது மாற்றுவது, யாருக்குப் பந்தே போடாமல் விடுவது என்று எல்லாம் அவர் கையில். நீங்கள் சிகாகோக்காரர், மேனேஜர் ரிக் ரென்டெரியாவை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரின் இரண்டு அணிகளிலும் இளைஞர்களை வளர்த்துவிட்டு, சாப்பாடு தயாரானதும் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவர் அவர். 2014-ல் ஊரின் இன்னோர் அணியான கப்ஸ் அவரை ஒரே ஆண்டில் அனுப்பியது. மேனேஜர் ஜோ மேடன் திடீரென்று கிடைத்ததால் அனுப்பினோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த மனிதருக்கு நடந்தது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. மேடனோடு பிட்சர் ஜான் லெஸ்டருக்கு 15.5 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். 2016-ல் 108 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வந்தது.

2020-ல் ஒயிட் சாக்ஸும் ரென்டெரியாவை அனுப்பியது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஓக்லண்டோடு கடைசி ஆட்டத்தில் டன்னிங்கை முதல் இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்துவிட்டு, மொத்தம் ஒன்பது பிட்சர்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தோற்றார். அனுப்பியதுகூடப் பெரிய தப்பில்லை. யாரைக் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் வினை. அண்மையில் அக்டோபர் ஆட்டங்களை (பிளேஆஃபை) பார்த்த, கோப்பை வென்ற அணியிலிருந்து ஆள் வேண்டும் என்று பொது மேலாளர் ரிக் ஹான் சொன்னார். ரசிகர்கள் பலரும் ஹூஸ்டனின் முன்னாள் மேனேஜர் ஏ.ஜே. ஹிஞ்ச் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர் டோனி லா ரூசா. வயது 76. கடைசியாக ஓர் அணியை நடத்தியது 2011-ல். 1986-ல் இதே அணி அவரை நீக்கியதைத் தன் பெரிய வருத்தமாக உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப் பல தடவை சொல்லியிருக்கிறார். 34 ஆண்டு பழைய கடனை, நான்கு வருடம் தோல்வியைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்களின் பணத்தில் தீர்த்துக்கொண்டார். எனக்கு இதில்தான் கோபம்.

லா ரூசா சாதாரண ஆள் இல்லை. உலகத் தொடர் என்ற இறுதிக் கோப்பையை மூன்று முறை வென்றவர், ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். அந்த 93 வெற்றி வந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் 2021 மே மாதம் மினசோட்டாவில் 15-4 என்று முன்னணியில் இருந்தபோது, யெர்மின் மெர்செடெஸ் மெதுவாக வந்த ஒரு பந்தை ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். இவ்வளவு முன்னணியில் இருக்கும்போது அப்படி அடிக்கக்கூடாது என்ற எழுதாத மரியாதையை மீறிவிட்டான் என்று சொந்த ஆட்டக்காரரையே வெளிப்படையாகக் கண்டித்தார் மேனேஜர். மறுநாள் எதிரணி பிட்சர் மெர்செடெஸின் முதுகுக்குப் பின்னால் பந்தை எறிந்தபோது, அதில் தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். வீட்டுப் பெரியவர் பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசினால் அந்த வீடு எப்படி இருக்கும்?

அப்புறம் 2022 ஜூன் 9. டாட்ஜர்ஸோடு ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ், 7-5 என்று இரண்டே ரன் பின்தங்கல். இரண்டு பேர் அவுட். ட்ரே டர்னர் பேட் பிடிக்கிறார். ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. கைதவறிப் போன பந்தில் ஓட்டக்காரர் இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டார். உடனே லா ரூசா, டர்னருக்குப் பந்து போட வேண்டாம், நடந்து முதல் பேஸுக்குப் போகட்டும் என்று கை காட்டினார். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டதே என்று கூட்டத்தில் ஒருவர் கத்தியது ஒளிபரப்பில் தெளிவாகக் கேட்டது. இடக்கை பிட்சருக்கு இடக்கை பேட்டர் வாகு என்பது அவர் கணக்கு. அடுத்து வந்த இடக்கை ஆட்டக்காரர் மேக்ஸ் மன்சி ஹோம் ரன் அடித்தார். மூன்று ரன். ஆட்டம் 11-9 என்று போனது. அந்த ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. உடல்நிலை காரணமாக ஆகஸ்ட் கடைசியில் லா ரூசா விலகினார். அடுத்து வந்த பெட்ரோ கிரிஃபோல் காலத்தில் 101 தோல்வி, அதற்கடுத்த ஆண்டு அவரையும் நடுவிலேயே நீக்கியும் அந்த 121. காயங்களும் சேர்ந்துகொண்டன, அதை மறுக்கவில்லை. ஹிமெனஸுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒன்று.

ஆகவே குரோஷே போனதற்காக மனம் உடையாதீர்கள். 2024-ன் அந்த அணியில் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வந்த நால்வரில் கைல் டீல் 2025-லேயே நம்பிக்கை கொடுத்துவிட்டார். நண்பர்களோடு சண்டை போடத்தான் வேண்டுமென்றால், இந்தப் பையன்கள் முதிரும் ஆண்டில் உரிமையாளர் பணப்பெட்டியைத் திறப்பாரா, மேனேஜர் நாற்காலியில் யாரை உட்காரவைப்பார் என்று கேட்டுச் சண்டை போடுங்கள்.

மேனேஜர் யாராக இருந்தால் என்ன என்று கேட்டீர்கள். லா ரூசாவை அறிவித்த மறுநாள் டெட்ராய்ட் ஹிஞ்சை எடுத்துக்கொண்டது. எதிரணியின் சைகைகளை ஹூஸ்டன் திருட்டுத்தனமாகப் பார்த்த விவகாரத்தில் ஓராண்டு தடை அனுபவித்தவர், அந்தக் கறை அவர்மேல் உண்டு. டெட்ராய்ட்டும் அப்போது இளைஞர்களை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அணிதான். 2024 செப்டம்பர் 27 இரவு, டெட்ராய்ட் மைதானத்தில், ஹிஞ்சின் அணி 4-1 என்று வென்று பத்து ஆண்டுக்குப் பிறகு பிளேஆஃபுக்குள் நுழைந்தது. ஆட்டக்காரர்கள் களத்தில் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். அன்று அவர்களிடம் தோற்றது ஒயிட் சாக்ஸ். அதுதான் அந்த 121-வது தோல்வி.