பாக்கெட்டில் இன்னொன்று: டெக்சாஸ் வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறேன், ராத்திரி பணத்தை எடுத்துக்கொண்டு நானே பேங்குக்குப் போகிறேன். துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. இடுப்பில் கிளாக் 19 பிஸ்டல் இருக்கிறது. கூடவே சின்னதாக இன்னொன்று வைக்கலாம் என்று பார்த்தால், கடைக்காரர் ரிவால்வர் என்கிறார், மச்சான் குட்டி பிஸ்டல் என்கிறார். எது காலை வாராது? (வாசகர், சான் அன்டோனியோ)

பதில்: காலை வாராத துப்பாக்கி என்று ஒன்று கிடையாது, எது எப்படி வாரும் என்பதுதான் கணக்கு.

ரிவால்வர் பக்கம் முதலில். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த 5 ரவை குட்டி ரிவால்வர்தான் இந்த வகைக்கெல்லாம் பாட்டன். உங்கள் கடைக்காரர் அநேகமாகக் காட்டியிருப்பது அதன் பேரன், 642 என்ற மாடல். அலுமினிய உடம்பு, 400 கிராம் சொச்சம், ரவையை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கும். அதனால் உருவும்போது பாக்கெட் துணியில் மாட்டாது. அவசரமென்றால் கோட்டுப் பாக்கெட்டுக்கு உள்ளிருந்தே சுடலாம். பிஸ்டலில் அப்படிச் செய்தால், மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய்வர இடமில்லாமல் துணியைக் கவ்விக்கொள்ளும், அடுத்த ரவை ஏறாது. கட்டிப்புரண்டு சண்டை போடும்போது முனையை எதிராளி உடம்பில் அழுத்தினாலும் அதே கதை, ஸ்லைடு கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டாலே பல பிஸ்டல்கள் சுடாது. இரண்டாவது துப்பாக்கி தேவைப்படுகிற நேரமே அநேகமாக அப்படிப்பட்ட நேரம்தானே.

ஆனால் ரிவால்வர் ஜாம் ஆகவே ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். மிக லேசான ரிவால்வரில் காரமான ரவையைப் போட்டுச் சுட்டால், அந்த உதையில் மீதி ரவைகளின் ஈயமுனை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி வரும், ஒன்று வெளியே எட்டிப்பார்த்தால் போதும், ரவைகளைத் தாங்கும் சிலிண்டர் சுற்றாது. காலி ரவைகளைத் தள்ளிவிடும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நாலு துகள் எரியாத வெடிமருந்து மாட்டினாலும் இறுகிவிடும். பிஸ்டல் மாட்டினால், ரவை அடுக்கிய மேகசினை அடியில் ஒரு தட்டு தட்டி ஸ்லைடை இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரிவால்வர் மாட்டினால் வீட்டுக்குப் போய் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் விசை, அதாவது ட்ரிக்கர். 642-இன் விசையை இழுக்க ஏறக்குறைய 5 கிலோ பலம் வேண்டும். பட்டேல் பிரதர்ஸில் வாங்கும் சின்ன அரிசிப் பையை ஆள்காட்டி விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், அதை 5 தடவை, குறி அசையாமல். முதல் நாள் ரேஞ்சில் 7 கஜத்தில் வைத்த அட்டையில் நான் போட்ட 5-இல் 2 அட்டையிலேயே இல்லை.

குட்டி பிஸ்டலுக்கு வருவோம். 2008-இல் ரூகர் எல்சிபி வந்தது, எடை சுமார் 270 கிராம், ரவை .380 என்ற அளவு. சட்டைப்பையில் போட்டாலும் தெரியாது. அதே வருடம் கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று தெரிந்து முதலில் விற்றதையெல்லாம் கம்பெனியே திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தது. இன்றைக்கும் பழையது வாங்குகிறவர்கள் அந்த வரிசை எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இவ்வளவு லேசான பிஸ்டலுக்கு இன்னொரு குணம், மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுசாகப் போய்வராது, காலி ரவை பாதியில் நின்றுவிடும். அடிபட்ட கையில், இடது கையில் பிடிக்க நேரும் துப்பாக்கிக்கு இது சின்னக் குறை இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, ஏனோ அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது 19. அதன் தம்பி கிளாக் 26, குட்டையானது, ஆனால் தடிமன் ஏறக்குறைய அதேதான். 19-இன் 15 ரவை மேகசின் அதில் அப்படியே பொருந்தும். விசை, பிடி, பழக்கம் எல்லாம் ஒன்றே. பாக்கெட்டில் புடைக்கும் என்பது உண்மைதான், தளர்வான பேன்ட் போடுகிறவராக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். இல்லையென்றால் 642. எல்சிபி மூன்றாம் இடம், மச்சானிடம் சொல்ல வேண்டாம்.

எதை வாங்கினாலும் குறைந்தது 200 ரவை சுட்டு, ஒருமுறைகூட மாட்டவில்லை என்றால் மட்டும் பாக்கெட்டில் போடுங்கள். அதில் ஒரு பெட்டியாவது நீங்கள் தினமும் நிரப்பி வைக்கப்போகிற அதே குழிமுனை ரவையாக இருக்கட்டும், பயிற்சி ரவையை ஒழுங்காக விழுங்கும் சில குட்டி பிஸ்டல்கள் குழிமுனையில் தடுமாறும்.

கேள்வி: ஒரு துப்பாக்கியே அதிகம். இரண்டாவது எதற்கு? பயம் காட்டி விற்கிறார்களா? (வாசகி, ஆஸ்டின்)

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதி 1986 ஏப்ரல் 11, மயாமி. இரண்டு கொள்ளையர்களை எஃப்பிஐ ஆட்கள் 8 பேர் காரால் மோதி மறித்தார்கள். மோதிய அதிர்ச்சியில் ஜான் ஹான்லன் என்பவரின் துப்பாக்கி எங்கேயோ போய் விழுந்தது. கூடுதலாக வைத்திருந்த 5 ரவை ரிவால்வரை எடுத்துத்தான் சண்டை போட்டார். அதில் மறுபடி ரவை நிரப்பும்போது கையில் குண்டு பட்டது. ஜெர்ரி டவ் என்பவரின் பிஸ்டல் மேலேயே எதிரியின் குண்டு பட்டுச் செத்துப்போனது, பிறகு அவரும் கொல்லப்பட்டார். துப்பாக்கி தொலையும், உடையும், காலியாகும் என்பது கற்பனை இல்லை.

ஆனால் அவர்கள் கொள்ளையர்களைத் தேடிப் போனவர்கள். ஹெச்-இ-பி கடைக்குக் கீரை வாங்கப் போகிற உங்களுக்கும் எனக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்கள் இரண்டாவதற்கு ஆகும் 500 டாலரில் ஒரு பயிற்சி வகுப்பும் நாலு பெட்டி ரவையும் வாங்கினால் எவ்வளவோ மேல். பங்க்காரர் விஷயம் வேறு, அதனால்தான் அவருக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன்.

கேள்வி: டிவியில் எல்லாரும் இரண்டாவது துப்பாக்கியைக் கணுக்காலிலிருந்து எடுக்கிறார்களே? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: காரில் உட்கார்ந்திருந்தால் நல்ல இடம். நின்றால் குனிய வேண்டும், ஓடினால் உறை கணுக்காலைச் சுற்றி வரும். அதைவிட இடப்பக்க முன் பாக்கெட் நல்லது, விசையை முழுதும் மூடும் உறையோடு. அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, ஹால்ஸ் மிட்டாய் எதுவும் கூடாது. ஒரு தடவை நாலு மாதம் பாக்கெட்டிலேயே கிடந்த என்னுடையதைக் கழற்றினேன். குழல் வாயில் சாம்பல் நிறத்தில் பஞ்சு, எண்ணெயெல்லாம் பிசினாகி, ரவையின் பித்தளை வியர்வையில் கறுத்து, பூஜை அறையில் துலக்காமல் விட்ட குத்துவிளக்கு மாதிரி இருந்தது. இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறேன்.

கேள்வி: ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். 2021-லிருந்து டெக்சாஸில் துப்பாக்கி எடுத்துப்போகப் பெர்மிட்டே வேண்டாம் என்கிறார்கள். சின்னதாக ஒன்று வாங்கலாமா? (வாசகர், ப்ளேனோ)

பதில்: வேண்டாம். பெர்மிட் தேவையில்லை என்பது துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்களுக்கு. தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ ரவையோ வைத்திருக்க மத்தியச் சட்டமே தடை போடுகிறது, மாநிலம் என்ன சொன்னாலும் சரி. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள், அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு லைசென்ஸ் சீட்டை நம்பி விசாவைப் பணயம் வைக்கும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பதிலை எழுத்தில் வாங்குங்கள். நண்பரோடு ரேஞ்சுக்குப் போவதென்றாலும் அப்படித்தான். கிரீன் கார்டு வந்த பிறகு எழுதுங்கள், பேசலாம்.

கேள்வி: பேரனைப் பார்க்க வந்திருக்கிறேன். துண்டு தேடி மகன் அலமாரியைத் திறந்தால் பனியனுக்கு அடியில் ஒரு குட்டித் துப்பாக்கி. பேரனுக்கு 4 வயது. மகனிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. (ஓர் அம்மா, திருநெல்வேலியிலிருந்து)

பதில்: கேளுங்கள் அம்மா, இன்றைக்கே. பனியனுக்கு அடி ஒளிவிடம் இல்லை, உங்களுக்கே கிடைத்துவிட்டதே. விசை இறுக்கம், குழந்தையால் இழுக்க முடியாது என்று அவர் சொல்லலாம். பிள்ளைகள் ஒரு விரலால் இழுப்பதில்லை, துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குவார்கள், அப்போது முனை அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி ரவையோடு துப்பாக்கியை வைத்திருந்து அது பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம், அதையும் சொல்லுங்கள்.

கடையில் கைத்துப்பாக்கி வாங்கும்போதே ஒரு கேபிள் பூட்டு கொடுத்திருப்பார்கள், அட்டைப்பெட்டியில் பிரிக்காமலே கிடக்கும். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் ரகசிய எண் பட்டன்களை அமுக்கித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி கிடைக்கிறது, கட்டில் காலோடு கம்பியால் பிணைத்துவிடலாம். நீங்களாக அதைத் தொட்டு இடம் மாற்ற வேண்டாம். அவர் ஆபீஸிலிருந்து வருகிறவரை அந்த அறைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.