நரிக்குப் பொறி வேண்டாம், அடிவலையைப் பாருங்கள்

கேள்வி: வேம்பார் பக்கம் கடலோரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் புஞ்சை. 40 நாட்டுக்கோழிகளும் சில வெள்ளாடுகளும் வளர்க்கிறோம். இரண்டு மாதமாக ராத்திரியில் கோழி காணாமல் போகிறது. நரிதான் என்று ஊரில் சொல்கிறார்கள். தாத்தா காலத்து இரும்புப் பொறி ஒன்று பரணில் துருவேறிக் கிடக்கிறது. அதன் துருவை எப்படி எடுப்பது, பொறியை எங்கே வைப்பது? போட்டு 4 வருடமே ஆன கம்பி வலையும் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். கோழி போகிற வழி அந்த உதிர்ந்த அடிவலையாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டால் பொறியைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்காது.

பொறியை வைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சுடுவது மட்டும் வேட்டை அல்ல. பொறி, கண்ணி, நஞ்சு எது வைத்தாலும் வேட்டைதான். வைக்க முயன்றாலே குற்றம். உங்கள் சொந்தப் பட்டா நிலம் என்பது அங்கே எடுபடாது. பெரிய குள்ளநரி, வாலின் நுனி கறுத்த சின்ன நரியான வங்காநரி இரண்டுமே இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் பொங்கலை ஒட்டி வங்காநரி பிடித்து ஓடவிடும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அப்படிப் பிடித்து விடுவதற்கே வனத்துறை அபராதம் போடுகிறது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பல் வைத்த பொறிக்கு எந்தக் கால் என்று தெரியாது. உங்கள் ஆட்டுக்குட்டியின் கால் விழலாம், புல்லறுக்க வருகிறவரின் காலும் விழலாம். குருணைப் பூச்சிமருந்தை நஞ்சாக வைப்பது, தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய், வேலிக்கு வீட்டுக் கரண்ட் கொடுப்பது என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். வருடா வருடம் ஆளையும் யானையையும் கொல்கிற வேலை அது. முறையான சூரிய மின்வேலி வேறு சங்கதி. அதற்கும் தமிழ்நாட்டில் 2023-இல் விதிகள் வந்திருப்பதால், போடும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வருவது நரிதானா? கோழி முழுசாகக் காணாமல் போய், வேலி ஓரம் வரை இறகு சிதறிக் கிடந்தால் நரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏழெட்டுக் கோழிகளைக் கடித்துக் குதறித் தின்னாமல் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஊர்நாய். கழுத்தில் மட்டும் கடி இருந்து, வலையில் சின்ன ஓட்டையும் இருந்தால் கீரியைச் சந்தேகப்படுங்கள். மரநாயும் காட்டுப்பூனையும் மேலே ஏறி வரும். வேலி ஓரத்தில் சலித்த மணலை ஒரு முழ அகலத்துக்குப் பரப்பிவிட்டு, விடிந்ததும் தடம் பாருங்கள். நாயின் தடம் அகன்று இருக்கும், நரியின் தடம் சற்று நீண்டு ஒடுங்கியிருக்கும். நான் பார்த்த பண்ணைகளில் நரி மேல் போட்ட பழி பாதிக்கு மேல் நாயைத்தான் சேர வேண்டும். நரிக்கு முக்கியத் தீனி எலி, நண்டு, பூச்சி, இலந்தைப் பழம். எலி தின்கிற பிராணியை வயல்காட்டிலிருந்து விரட்டிவிட்டு எலி மருந்துக்குச் செலவழிப்பது நஷ்டக் கணக்கு. கோழிக் கழிவையும் செத்த கோழியையும் ஓடைக்கரையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். அந்த வாடைதான் அதை வரவழைக்கிறது.

நரி ஏறுவதைவிடத் தோண்டுவதில் கெட்டிக்காரப் பிராணி. ஆகவே வலை மண்ணுக்கு மேல் 5 அடி நின்றால் மட்டும் போதாது. அடியில் ஒரு அடி புதைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கிப் படுக்கப் போட்டு மண்ணையும் கல்லையும் மூடுங்கள். வேலியடியில் தோண்ட வரும் நரிக்குக் காலில் வலை தட்டும், விட்டுவிடும். ராத்திரி அடையும் கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து வெல்டு செய்த வலை) போடுங்கள். பொழுது சாயும் முன் கோழியை அடைத்துக் கொண்டியும் போட்டுவிடுங்கள். பட்டப்பகலில் பயமில்லாமல் தள்ளாடி வரும் நரியை நெருங்க வேண்டாம், வெறிநோயாக இருக்கலாம். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி துரு. ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், உப்பு அதை முடுக்கிவிடும். உங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஜிஐ வலை என்பது துத்தநாகம் பூசிய இரும்பு வலை. அதன் மேலுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்த இடத்தில்தான் செந்துரு தெரியும். எனவே கடையில் கம்பியின் பருமனை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒரு சதுர மீட்டருக்குத் துத்தநாகம் எத்தனை கிராம் என்று கேளுங்கள், கூடுதலாக இருப்பதே கடலோரத்துக்கு ஆகும். வெல்டு மெஷ் என்றால் வெல்டிங் முடிந்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகப் பாருங்கள். பூசிய கம்பியை வெல்டு செய்தால் ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு கருகிப்போகும். பிளாஸ்டிக் உறை போட்ட வலை நல்லதுதான், ஆனால் உறை கீறினால் உள்ளுக்குள்ளேயே ஈரம் ஓடி அரித்துவிடும். கீறலை அவ்வப்போது தேடிப் பாருங்கள்.

அடிப்பக்கம் மட்டும் உதிர்ந்ததற்கு உப்பு மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். கோழி எச்சம் வலையோரம் குவிந்திருக்கிறதா? ஈர எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா துத்தநாகத்தைத் தின்றுவிடும். யூரியா மூட்டையை வேலியில் சாய்த்து வைப்பதும் அப்படித்தான். வாரம் ஒருமுறை எச்சத்தை வாரிக் குப்பைக்குழியில் போடுங்கள். வலையை வெட்டிய நுனிகளில் அன்றைக்கே துத்தநாகப் பெயின்ட் தடவுங்கள். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார்ப் பெயின்ட் இரண்டு கை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதையுங்கள். தூணுக்கு இரும்பு ஆங்கிளைவிட உங்கள் பக்கத்துக்குக் கல்லுக்கால்தான் என் தேர்வு. ஏற்கெனவே ஆங்கிள் ஊன்றியிருந்தால் தூணைச் சுற்றிய கான்கிரீட்டை மண்ணுக்கு மேல் 4 அங்குலம் உயர்த்தி, தண்ணீர் நிற்காமல் சரிவாகப் பூசிவிடுங்கள். தூண் அரிப்பது பெரும்பாலும் மண் தொடும் அந்த மட்டத்தில்தான்.

பழைய தூணுக்கும் கேட்டுக்கும் பங்குனி, சித்திரை வெயிலில் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். தேய்த்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. தேய்த்துவிட்டு ஒரு ராத்திரி சும்மா விட்டால் கடற்காற்றில் மறுபடி துரு பூத்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை சுற்றிவந்து கட்டுக்கம்பி முடிச்சுகளையும் கீல்களையும் பாருங்கள், கீலுக்குக் கிரீஸ் வையுங்கள். பழைய என்ஜின் ஆயிலைத் தடவ வேண்டாம், அது மண்ணில் இறங்கும், கோழி கொத்தும்.

தாத்தாவின் பொறியை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள். அதன் வில் நல்ல எஃகாக இருந்தால் களைக்கொத்து அடித்துத் தருவார்கள். அந்தக் களைக்கொத்தில் துரு வந்தால் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.