உள்ளானின் காலில் வளையம்

அன்புள்ள ஐயா,
பங்குனியில் சாமநத்தம் கண்மாய்ச் சேற்றில் மேய்ந்த கொசு உள்ளான் ஒன்றின் காலில் வளையமும் நிறப்பட்டையும் கண்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பறவையைப் பிடித்து இப்படி மாட்டுவது வதை இல்லையா? ஜி.பி.எஸ். காலத்தில் இது எதற்கு?
வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

வதைதான், சில நிமிடங்களுக்கு. வலையில் சிக்கிய பறவை பதறும். பழகாத கையில் செத்தும் போகும். அதனால்தான் 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி அனுமதி இல்லாமல் யாரும் பிடிக்க முடியாது. ஆர்வம் மட்டும் போதாது.

ஜி.பி.எஸ். பற்றி. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். மாட்டும் பொருள் உடல் எடையில் மூன்று முதல் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அதாவது ஏறக்குறைய ஒரு கிராம். அந்த எடைக்குள் செயற்கைக்கோள் கருவியை அடக்குவது பெரும்பாடு. எண் பொறித்த அலுமினிய வளையத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நம் நாட்டில் இந்த வேலை பெரிதாக வளர்ந்ததே குரங்குக் காய்ச்சலால்தான் என்றால் நம்புவீர்களா? 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் அந்த நோய் வந்தபோது, வடக்கிலிருந்து வரும் பறவைகள் நோயைப் பரப்பும் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கினார்கள். பறவைகளைப் பிடித்துத் தந்தவர்கள் பீகாரின் மிர்ஷிகார்கள், பரம்பரை வேட்டைக்காரர்கள். பறவையைக் காயமின்றிப் பிடிக்கும் வித்தையை விஞ்ஞானிகள் அவர்களிடம்தான் கற்றார்கள். கோடியக்கரையில் அந்தப் பணி பல ஆண்டுகள் நடந்தது.

கையில் எடுத்தால்தான் தெரியும் செய்திகளும் உண்டு. நெஞ்சு இறகுகளை வாயால் ஊதி விலக்கினால், தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். ஆர்க்டிக் வரை பறக்க வேண்டிய உள்ளானுக்கு அதுதான் கட்டுச்சோறு. தையில் பிடித்த பறவையையும் பங்குனியில் பிடித்த பறவையையும் எடைபோட்டு ஒப்பிட்டால், நம் கண்மாய்ச் சேறு அதற்கு எவ்வளவு ஊட்டியது என்று கணக்கிடலாம். கண்மாய்க்குள் குப்பை கொட்டுகிறவர்களிடம் காட்ட அந்தக் கணக்கு எனக்கு வேண்டும்.

ஆகவே என் கோபம் வளையத்தின் மீது இல்லை. வளையத்தைப் பார்த்தும் யாருக்கும் சொல்லாமல் போகிறவர்கள் மீதுதான். சொல்லாவிட்டால் அந்தப் பறவை பட்ட பாடு வீண். பட்டையின் நிறமும் வரிசையும் எந்த நாட்டில், எங்கே மாட்டினார்கள் என்பதைக் காட்டும். நாள், இடம், நிறங்கள், பட்டையில் எழுத்து இருந்தால் அது, இவற்றை மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள்.

எந்த நிறம், இடக்காலா வலக்காலா, மூட்டுக்கு மேலா கீழா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. படம் எடுத்திருந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.