கினி-பிசாவ்ல அரசாங்கமே இல்லையா? (கடிதம்)

வணக்கம் சார். மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற கினி-பிசாவ்ல மறுபடியும் ராணுவ ஆட்சினு நியூஸ் பார்த்தேன். அது அரசாங்கம்னு ஒண்ணே இல்லாத நாடு, அதான் கொக்கைன் கும்பல் உள்ள பூந்துடுச்சுனு என் ஃப்ரெண்ட் சொல்றான். ஸ்ட்ராங்கான ராணுவம் இருந்தா இது நடக்குமா?
- கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்க ஃப்ரெண்டுக்கு விஷயம் தலைகீழா புரிஞ்சிருக்கு. கடத்துறவனுக்கு அரசாங்கம் கண்டிப்பா வேணுங்க. ரன்வே வேணும், துறைமுகம் வேணும், லாரிய யாரும் மடக்காம இருக்க யூனிஃபார்ம் போட்ட ஆள் வேணும். தென் அமெரிக்காவுல ஏத்துற சரக்கு ஐரோப்பா போற வழியில இறக்கி ஏத்த ஒரு இடம், அதுக்கு மேல பிசாவ்ல அவனுக்கு வேலை இல்ல.

2006-ல நடந்தத பாருங்க. ஜுடீசியல் போலீஸ்னு அங்க குற்றங்கள விசாரிக்கற ஒரு துறை, ஜீப்புக்கு டீசல் போடவே அல்லாடுற துறை, அவங்க எப்படியோ 674 கிலோ கொக்கைன பிடிச்சிட்டாங்க. உடனே ராணுவம் வந்து நிக்குது, கஜானா பெட்டகத்துல வெக்கலாம்னு வாங்கிட்டு போறாங்க, அதோட சரக்க காணோம். பிடிபட்டவங்களும் வெளிய வந்துட்டாங்க. அரசாங்கம் இல்லாத நாட்டுல கஜானா பெட்டகம் ஏதுங்க?

ராணுவம் ஸ்ட்ராங்கா இருந்தானு கேட்டீங்க. அங்க ஸ்ட்ராங்கா இருக்கறதே அது ஒண்ணுதான். போர்ச்சுகலோட சண்டை போட்டு விடுதலை வாங்கின கெரில்லாக்கள்தான் அப்புறம் ராணுவமானாங்க. நாட்டோட ஏற்றுமதினா முந்திரிக்கொட்டைதான், அதுல பெரும்பங்கு இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகுது. அந்த வருமானத்த வெச்சு அவ்ளோ பேருக்கு எங்க சம்பளம் குடுக்கறது, பாக்கி விழுந்துட்டே இருக்கும், அந்த நேரத்துல டன் கணக்குல சரக்கு வந்து இறங்குதுனா தளபதி நாற்காலி டோல்கேட் மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் அடிச்சிக்கிறாங்கனு நான் நினைக்கிறேன், கொள்கையாவது இனமாவது எல்லாம் அப்புறம். 2009 மார்ச்ல தளபதி டாக்மே நா வாயிய குண்டு வெச்சு கொன்னாங்க, சில மணி நேரத்துல ஜனாதிபதி வியெய்ராவ சிப்பாய்ங்க சுட்டுட்டாங்க. 1974-ல விடுதலைய போர்ச்சுகல் ஒத்துக்கிட்டதுல இருந்து பதவிக்காலத்த முழுசா முடிச்ச முதல் ஜனாதிபதியே 2019-ல முடிச்ச வாஸ்தான்.

டோல் ரேட்கூட தெரியும். முன்னாள் கடற்படை தளபதி புபோ நா சூட்டோ, 1000 கிலோவுக்கு பத்து லட்சம் டாலர் கேட்டாருனு அமெரிக்க கேஸ்ல இருக்கு. பேரம் பேச வந்தவங்க வேஷம் போட்ட அமெரிக்க போதைத் தடுப்பு ஆளுங்கனு அவருக்கு தெரியல, 2013 ஏப்ரல்ல கேப் வெர்டேங்கற தீவு நாட்டு பக்கம் நடுக்கடல்ல படகோட தூக்கிட்டாங்க. தண்டனை வெறும் நாலு வருஷம். அப்ப ராணுவ தளபதியா இருந்த இன்ஜாய் மேலயும் அதே விவகாரத்துல கேஸ், 2021-ல அவர பிடிக்க துப்பு குடுத்தா 50 லட்சம் டாலர் பரிசுனுகூட அமெரிக்கா அறிவிச்சுது, ஆனா மனுஷன் சொந்த ஊர்லயே இருந்தாரு.

2024 செப்டம்பர்ல வெனிசுலாவுல இருந்து வந்த ஒரு ஜெட்ல 2.6 டன் பிடிச்சாங்க, அதுவும் தலைநகரத்து மெயின் ஏர்போர்ட்ல. பிடிச்சதுக்கு பாராட்டணும்தான், ஆனா அவ்ளோ சரக்கோட அங்கயே நேரா இறங்க எவ்ளோ தைரியம் இருக்கணும்னும் யோசிங்க.

நீங்க பார்த்த நியூஸ் 2025 நவம்பர் 26-ஓடது. தேர்தல் ரிசல்ட் வர மறுநாள்தான் பாக்கி, அதுக்குள்ள ராணுவம் ஆட்சிய எடுத்துக்கிச்சு. தோக்கப் போற ஜனாதிபதியே போட்ட டிராமா இதுனு எதிர்க்கட்சி சொல்லுது. ராணுவம் சொன்ன காரணம் என்ன தெரியுமா, போதை மாஃபியாவும் அரசியல்வாதிங்களும் சேர்ந்து தேர்தல புரட்ட பிளான் போட்டாங்களாம், அத தடுக்கத்தான் வந்தாங்களாம். அடுத்த நாளே ஒரு ஜெனரல் ஒரு வருஷத்துக்குனு ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிட்டாரு.