அண்டை நட்சத்திர மண்டலமான ஆண்ட்ரோமெடா நம் பால்வீதியோடு மோதினால் நட்சத்திரங்கள் இடித்துக்கொள்ளுமா?

அநேகமாக ஒன்றுகூட இடிக்காது. சூரியனை ஒரு கொண்டைக்கடலை அளவுக்குச் சுருக்கிப் பினாங்கு கொம்தாரில் வையுங்கள். பக்கத்து நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரி கோலாலம்பூரில் கிடக்கும் இன்னொரு கடலை. நடுவே வெறும் வெளி!

உண்மையில் முட்டிக்கொள்வது வாயு மேகங்கள்தான். அவை நசுங்கி, புது நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கும். ஈர்ப்பு விசை இரு மண்டலங்களையும் இழுத்து நீண்ட வால்களாக்கும். முதல் மோதலில் ஊடுருவிக் கடந்தாலும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் இழுவையில் வேகம் குறைந்து திரும்பி விழும். இப்படிப் பலமுறை. கடைசியில் சுருள் வடிவம் கலைந்து நீள்வட்ட மண்டலம் உருவாகும். இதற்கே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கலாம்.

நம் பால்வீதியும் இப்படி விழுங்கி வளர்ந்ததுதான். ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் அது விழுங்கிய ஒரு சிறு மண்டலத்தின் நட்சத்திரங்களைக் கையா விண்கலத் தரவுகள் 2018-இல் காட்டிக்கொடுத்தன. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில், நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறது. மோதல் உறுதி என்றே முன்பு சொன்னார்கள். 2025 ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது. நவம்பர் இரவில் வானம் தெளிந்தால், பாலிக் புலாவ் பக்கம் இருட்டான இடத்தில் வடக்கே பைனாகுலரில் தேடுங்கள், மங்கலாகத் தெரியும்.