வேலை தேட விசிற்றிங் காட் அடிக்கிறீர்களா? பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. எச்என்டிஏ (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்து ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தேன், இப்போது வேலை தேடுகிறேன். முற்றவெளியில் நடக்கிற வர்த்தகக் கண்காட்சிக்குப் போய் நாலு கொம்பனிக்காரரோடு கதைக்கலாம் என்று இருக்கிறேன். சீவியைக் கொடுத்தால் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், விசிற்றிங் காட் ஒன்று அடித்துக்கொண்டு போ என்கிறார் அண்ணா. அச்சகத்தில் கேட்டால் 500க்குக் குறைய அடிக்க மாட்டார்களாம், பளபளப்பு லமினேற்றும் பெயரை மட்டும் மினுங்க வைக்கிற ஸ்பொட் யூவிப் பூச்சும் போட்டால்தான் எடுப்பாக இருக்குமாம், படமும் போடச் சொல்கிறார்கள். வேலையே இல்லாத நான் காட்டில் என்ன பதவி போடுவது?
– திருநெல்வேலியிலிருந்து ஒரு தங்கை

பதில்: முதலில் அந்த 500ஐ விடுங்கள் தங்கச்சி. வேலை தேடுகிறவருக்கு 100 காட் தாராளம். கொஞ்ச நாளில் வேலை கிடைத்துவிடும், இல்லாவிட்டால் நம்பர் மாறும், இல்லாவிட்டால் இன்னொரு சோதனை பாஸ் பண்ணி அதையும் சேர்க்க வேண்டி வரும், அப்போது மிச்சம் 400 காட்டும் அலுமாரிக்குள் கிடக்கும். அச்சகக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஓஃப்செற்றில் அடிப்பதென்றால் நிறத்துக்கு ஒன்றாக நாலு பிளேற் எடுக்க வேண்டும், 100 அடித்தாலும் 1,000 அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஆனால் டிஜிற்றல் பிறின்ற் செய்கிற இடத்தில் பிளேற் இல்லை, தாள் கணக்குத்தான். 12க்கு 18 அங்குலத் தாள் ஒன்றில், 3.5க்கு 2 அங்குலக் காட் 24 கொள்ளும். ஐந்து தாள் அடித்தால் 120 காட். ஆகவே "100 காட் எவ்வளவு?" என்று கேட்காமல் "ஒரு தாள் எவ்வளவு, வெட்டுக்கூலி எவ்வளவு, டிசைனுக்குத் தனியாக எடுப்பீர்களா?" என்று மூன்றாகக் கேளுங்கள், எங்கே கூடுதலாக எடுக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

பளபளப்பு லமினேற் வேண்டவே வேண்டாம். கடையில் மாதிரிக்கு வைத்திருக்கிற காட் ஒன்றை வாங்கி, சாதாரண நீலப் பேனையால் அதன் மேல் ஒரு சொல் எழுதி, பத்து வினாடி விட்டுப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். மை முழுக்க விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வேலை தேடுகிறவரின் காட் எழுதக்கூடியதாக இருக்கவேண்டும், எனக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வீட்டில் ஒரு பிஸ்கற் ரின் நிறைய விசிற்றிங் காட் இருக்கிறது, வருடக்கணக்காகச் சேர்ந்தவை. தங்க எழுத்து, புடைத்த எழுத்து, மயில் கழுத்து நிறம் எல்லாம் அதற்குள் உண்டு. ஆனால் நான் தேடி எடுப்பது ஒன்றைத்தான், எங்கள் கிணற்று மோட்டரைத் திருத்த வந்தவர் தந்த வெள்ளைக் காட். போகும்போது அதைத் திருப்பி, பின்பக்கத்தில் "1 எச்பி, கொயில் புதுசு" என்று எழுதி அன்றைய திகதியையும் போட்டுத் தந்தார். அவருடைய பெயர் எனக்கு நினைவில்லாவிட்டாலும் அந்தக் கையெழுத்து நினைவிருக்கிறது, பிறகு இரண்டு தடவை அவரைத்தான் கூப்பிட்டோம். நீங்களும் அதையே செய்யலாம். கண்காட்சியில் ஒருவரோடு ஐந்து நிமிடம் கதைத்தீர்கள் என்றால், காட்டைக் கொடுப்பதற்கு முன்னர் அவருக்கு முன்னாலேயே திருப்பி, "முற்றவெளி, சனி, ஸ்ரோர்ஸ் கணக்கு பற்றிக் கதைத்தோம்" என்று எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பொக்கற்றைக் கொட்டும்போது அவர் கையில் வருகிற இருபது காட்டில் உங்களுடையதில் மட்டும்தான் அன்று நடந்த கதை இருக்கும். அதனால்தான் பின்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்கிறேன்.

தாளுக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில்) ஐவரி போட் என்கிற வழுவழுப்பான தடித்த மட்டை போதும், லமினேற் இல்லாமல். முன்பக்கம் மட்டும் லமினேற் போட்டுத் தருகிறோம் என்பார்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் எங்களுடைய ஈரக் காற்றில் காட் வளைந்துவிடும். வீட்டு இங்க்ஜெற்றிலும் அடிக்கவேண்டாம், வியர்வை பட்டால் கரையும். கடையின் லேசர் அச்சு கரையாது. கறுப்பு, கடும் நீலம் என்று முழுக்க நிறம் பூசிய காட்டும் வேண்டாம், பேர்ஸுக்குள் நாலு நாள் கிடந்தால் விளிம்பு உரிந்து வெள்ளை தெரியும், பேனையும் தெரியாது. வெள்ளை, அல்லது இளம் கிறீம் நிறம். அதில் ஒரேயொரு நிறம், பெயருக்கு மட்டும். இதைவிட வடிவு வேண்டுமென்றால் சுற்றிவர இடம் விடுங்கள், காசு செலவில்லாத வடிவு அதுதான். பனைமரமும் நல்லூர்க் கோபுரமும் எனக்கும் உயிர்தான், ஆனால் கணக்கு வேலை கேட்கிற காட்டில் அவை இருந்தால் வாங்குகிறவர் சுற்றுலாக் கொம்பனி என்று நினைப்பார்.

சரி, பதவிக்கு வருவோம். "வேலை தேடுபவர்" என்று போடாதீர்கள், "மனேஜர்" என்றும் போடாதீர்கள். பெயருக்குக் கீழே "கணக்கியல்" என்று ஒரு சொல், பிறகு உங்களால் நாளைக்கே செய்யக்கூடிய வேலைகள் ஒரு வரியில்: குவிக்புக்ஸ், வங்கிக் கணக்கிணக்கம், ஈபிஎஃப் ஈரிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி) சேர்ந்த சம்பளப் பட்டியல். கடை முதலாளிக்கு எச்என்டிஏ என்றால் என்னவென்று விளங்காமல் போகலாம், சம்பளப் பட்டியல் என்றால் விளங்கும். முடிக்காத சோதனையின் எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போடவேண்டாம், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதிலிருந்து வரும். பெயர் சீவியில் எப்படியோ காட்டிலும் அப்படியே, முதலெழுத்து உட்பட.

தொலைபேசி இலக்கத்தைச் சொல்லுகிற மாதிரியே பிரித்துப் போடுங்கள்: மூன்று, மூன்று, நாலு. +94 போடுவதென்றால் முன்னால் இருக்கிற சைபரை எடுத்துவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்ட காட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீட்டு இலக்கம், ஒழுங்கை, அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி ஒன்றும் தேவையில்லை. முகம் தெரியாத இருநூறு பேரின் கைக்குப் போகக்கூடிய காட், "திருநெல்வேலி, யாழ்ப்பாணம்" போதும். படமும் வேண்டாம், அது சீவியில் இருக்கட்டும். கியூஆர் போட விருப்பமென்றால் இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, சுற்றிவர இடம் விட்டுப் போடுங்கள். இலவசம் என்று செய்து தருகிற சில தளங்களின் கோட் கொஞ்ச நாளில் காசு கட்டச் சொல்லி நின்றுவிடும், இணைய முகவரி நேரடியாகக் கியூஆருக்குள்ளேயே அடங்குகிற வகையைத்தான் எடுக்கவேண்டும்.

ஆங்கிலத்தோடு தமிழிலும் பெயர் போடுங்கள். ஆனால் எங்கள் அச்சகங்களில் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டுகின்றன, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். நீங்கள் யுனிகோட்டில் செய்து கொடுத்தாலும் பழைய மென்பொருளில் கொம்புகள் இடம் மாறும். எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: 500 காட் அடித்தேன், எல்லாவற்றிலும் நம்பரில் ஒரு இலக்கம் பிழை. நான் வட்ஸ்அப்பில் சரியாகத்தான் அனுப்பினேன். மாதிரியை இரவு அனுப்பினார்கள், நானும் அவசரத்தில் ஓகே போட்டுவிட்டேன். ஓகே போட்டதால் பொறுப்பில்லை என்கிறார்கள்.
– சாவகச்சேரி வாசகர்

பதில்: தட்டியதில் பிழை அவர்களுடையது, பார்க்காமல் ஓகே போட்டது உங்களுடையது. இரண்டையும் ஒத்துக்கொண்டு, தாள் செலவை மட்டும் நீங்கள் கொடுத்து அச்சுக்கூலியை அவர்கள் ஏற்கும்படி கேளுங்கள், நான் அறிய இப்படிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் மறுக்கவில்லை. மாதிரியில் சரியாக இருந்து அச்சில் மாறியிருந்தால் கதை வேறு, முழுவதையும் திருப்பி அடித்துத் தரவேண்டும். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கதைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், பில் கையில் இருக்கவேண்டும். கேட்டால் பில் தரவேண்டியது கடைக்காரரின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

அடுத்த தடவை மாதிரியைப் போன் திரையில் பார்த்து ஓகே போடவேண்டாம். ஒரு தாள் அடித்துக் கையில் வாங்கி, வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து, அந்தக் காட்டைப் பார்த்தே உங்களுக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் போன் அடித்த பிறகு மிச்சத்தை அடிக்கலாம்.